துறைமுகங்களின் கதை: கடலைப் பாராத துறை

சென்ற இதழில் ஃப்ரீமேன்டில் நகரத்தில் நின்றோம். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஸ்வான் ஆறு இந்தியப் பெருங்கடலில் கலக்கும் முகத்துவாரம் அது. ஆற்றுவாயை அடைத்துக் கிடந்த பாறைத் திட்டை வெடிவைத்து உடைத்து, 1897-இல் அங்கே ஒரு துறைமுகத்தைத் திறந்தவர் சி. ஒய். ஓ'கானர் என்ற பொறியாளர். அதே மனிதர்தான், தங்கம் கிடைத்தும் குடிக்க நீரில்லாமல் தவித்த உள்நாட்டு ஊர்களுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் குழாய் பதித்து நீர் கொண்டுபோகத் திட்டம் போட்டார். 1903-இல் நீர் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பழிச்சொற்களைத் தாங்க முடியாமல் முந்தைய ஆண்டே உயிரை மாய்த்துக்கொண்டார்.

வரிசைப்படி இந்த இதழில் நம் கடற்கரைக்குத் திரும்ப வேண்டும். தூத்துக்குடிக்குப் போகும் வழியில் திண்டுக்கல்லில் ஒரு இதழ் தங்கிப் போவோம். அலையே அடிக்காத ஊருக்கு இந்தத் தொடரில் என்ன வேலை என்று கேட்கலாம். துறைமுகம் என்பது கப்பல் நிற்கும் இடம் மட்டுமென்றால் கேள்வி சரி. பல திசைச் சரக்கும் வந்து இறங்கி, கைமாறி, வேறு திசைக்கு ஏறும் இடம் என்று பொருள் கொண்டால், தென் தமிழ்நாட்டில் திண்டுக்கல்லை விட்டுவிட்டு அந்தக் கதையை எழுத முடியாது.

நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். மேற்கே பழனி மலைத்தொடர். கிழக்கே சிறுமலை. இரண்டுக்கும் இடையே ஒரு சமவெளி. அதன் நடுவில் மொட்டையாக எழுந்து நிற்கும் ஒரு பாறை. வடக்கே போனால் கரூர். வடகிழக்கே மணப்பாறை வழியாகத் திருச்சி. மேற்கே பழனி, உடுமலை கடந்து பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்கே வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கு. தெற்கே மதுரை. கிழக்கே நத்தம். மலையாளக் கரையிலிருந்து வரும் மிளகும், மலையிலிருந்து இறங்கும் ஏலமும் வாழையும், கரிசலிலிருந்து வரும் பருத்தியும் சந்திக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. படை கொண்டுவருபவனுக்கும் அதே வழிதான். ஆகவே வணிகம் இருந்த காலமெல்லாம் இங்கே போரும் இருந்தது.

மதுரை நாயக்கர்கள் அதை உணர்ந்திருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் பாறை மேல் கோட்டை எழுப்பினார். திருமலை நாயக்கர் அதை வலுப்படுத்தினார். மைசூரிலிருந்து மதுரைக்கு வரும் எவரும் இந்தப் பாறையைத் தாண்டித்தான் வரவேண்டும். கோட்டையைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட பாளையங்கள்: கன்னிவாடி, விருப்பாட்சி, இடையகோட்டை, ஆயக்குடி, அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை... ஒவ்வொன்றும் ஒரு கணவாயையோ ஒரு பாதையையோ காத்தது; அங்கே சுங்கமும் வாங்கியது. கடற்கரையில் சுங்கச்சாவடி செய்யும் வேலையை இங்கே பாளையங்கள் செய்தன.

1740-களில் மைசூர்ப் படை திண்டுக்கல்லைப் பிடித்தது. 1755-இல் ஃபௌஜ்தாராக, அதாவது படைப் பொறுப்புள்ள ஆளுநராக, வந்து இறங்கினார் ஹைதர் அலி. அவருடைய வாழ்க்கையில் திண்டுக்கல் ஒரு திருப்பம் என்பதை நம் பாடப்புத்தகங்கள் போதுமான அளவு சொல்வதில்லை. அதுவரை அவர் மைசூர் அரசின் படைத்தலைவர்களில் ஒருவர். இங்கேதான் முதல் முறையாகத் தனி ஆளுகை, தனி வருவாய், தனிப் படை என்று எல்லாம் அவர் கைக்கு வந்தன. பாளையக்காரர்களை அடக்கினார். புதுச்சேரியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கைவினைஞர்களை வரவழைத்து, பிரெஞ்சுக்காரர்களின் மேற்பார்வையில் ஒரு படைக்கலச் சாலையைத் தொடங்கினார். பிற்காலத்தில் கும்பினியின், அதாவது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின், படையைக் கலங்கடித்த பீரங்கிப் படைக்கு இந்தப் பாறையடியில்தான் கால்கோள் விழுந்தது. கண்டேராவ் என்ற கணக்கர் அவருக்குத் துணை. போரில் காயம்பட்ட வீரர்களுக்கு அரசு தரும் படியைக் கூடுதலாகப் பெற, காயமே படாதவர்களுக்கும் மஞ்சள் தோய்ந்த கட்டுப் போட்டு நிறுத்தினார்கள் என்று மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் சொல்கிறார். எதிரணியில் நின்றவர் எழுதிய கதை. அந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஆனாலும் திண்டுக்கல்லின் வருவாய்தான் ஹைதரை ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அரியணைக்கு அருகே கொண்டுபோனது என்பதில் ஐயமில்லை.

சிவகங்கைக்கும் இந்த ஊருக்கும் ஒரு கடன் உறவு உண்டு. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்தது விருப்பாட்சிப் பாளையத்துக்கு. பாளையக்காரர் கோபால் நாயக்கர் காத்தார்; ஹைதர் படை உதவி தந்தார். 1780-இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். அதே கோபால் நாயக்கர்தான் இருபது ஆண்டு கழித்துக் கும்பினிக்கு எதிராகத் தென்னாட்டுப் பாளையங்களை ஒரு கூட்டணியாகச் சேர்க்கப் பாடுபட்டார். 1801-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். திண்டுக்கல்லில் கோபாலசமுத்திரம் என்று வழங்கும் குளத்தோடு அவர் பெயரைச் சேர்த்தே ஊர்மக்கள் பேசுகிறார்கள்.

கோட்டை கைமாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1768-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஹைதர் மீட்டார். 1783-இல் மறுபடி பிடித்தார்கள். மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கையில் ஹைதரின் மகன் திப்புவிடம் திருப்பித் தந்தார்கள். 1790 ஆகஸ்ட்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் முற்றுகையிட்டுப் பிடித்தார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை அதை நிரந்தரமாகக் கும்பினிக்கு ஆக்கியது. இன்றைய மதுரை வட்டாரத்தில் கும்பினியின் நேரடி வரி ஆட்சி தொடங்கியது திண்டுக்கல்லில்தான். மதுரை பிறகுதான் தலைமையிடம் ஆனது. மைசூர் ஆட்சியின் நினைவாக இன்று ஊரில் நிற்பது பேகம்பூர். ஹைதரின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடங்கிய இடம். பெரிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. கோட்டையின் அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன். மாசித் திருவிழாவில் பூச்சொரிய வரும் கூட்டத்தில் எந்தத் தெருக்காரர் இல்லை என்று சொல்ல முடியாது. பாறை மேலுள்ள கோவிலில் மூலவர் இல்லை. அபிராமியம்மனை இப்போது கும்பிடுவது கீழே ஊருக்குள்.

இனி வானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரின் விதியை எழுதியது அதுதான்.

ஃப்ரீமேன்டிலில் ஆண்டுக்குப் பெய்யும் மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியது. திண்டுக்கல் சமவெளியில் 800-ஐ ஒட்டியது. அளவைப் பார்த்தால் நாம் சற்றுத் தேவலாம். ஆனால் அங்கே மழை குளிர்காலத்தில், மே முதல் ஆகஸ்ட் வரை, குளிர்ந்த மண்ணில் நிதானமாக இறங்குகிறது. பிற்பகலில் கடற்காற்று வந்து வெயிலை ஆற்றுகிறது. இங்கே பழனி மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்கிறது. ஆடி மாதம் மலைக்கு அந்தப்பக்கம் கொட்டும்போது இந்தப்பக்கம் வெறும் காற்றுதான், புழுதியோடு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் தருவதே பெரும்பங்கு. அதுவும் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்தச் சில நாட்களில் பெய்ததைக் குளத்திலும் கிணற்றிலும் பிடித்துவைத்தால் ஆண்டு முழுதும் உண்டு. விட்டால் கொடகனாற்றில் ஓடி அமராவதிக்குப் போய்விடும்.

மழை தவறினாலும் துன்பம், மிகுந்தாலும் துன்பம். 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு காய்ச்சல் பரவி ஊர் ஊராக மக்களைச் சாய்த்தது. காரணம் கண்டறிய வில்லியம் ஐன்ஸ்லி முதலிய மருத்துவர்களைக் கொண்டு ஒரு குழு போட்டார்கள். பருவம் தவறிய மழை, தேங்கிய நீர், அதிலிருந்து எழும் கெட்ட காற்று என்று அவர்கள் காரணம் தேடினார்கள். இன்றைக்கு அந்த விவரிப்பைப் படிப்பவர்களுக்கு மலேரியா என்றே தோன்றும். கொசுவின் பங்கை ரொனால்ட் ராஸ் செகந்திராபாதில் கண்டுபிடிக்க 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெள்ளத்துக்கும் ஒரு சான்று உண்டு: 1977-இல் கொடகனாற்றின் மேல் புதிதாகக் கட்டிய அணை அதே ஆண்டின் வெள்ளத்தில் உடைந்தது. பிறகு திரும்பக் கட்டினார்கள்.

ஊருக்குள் குடிநீர்ப் பஞ்சம் எந்த அளவுக்குப் பேர்போனது என்றால், திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய குடும்பங்களைப் பற்றி இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். குடம் சுமந்தே பெண் தேய்ந்துவிடுவாள் என்ற பயம். ஆத்தூர் காமராசர் அணையும், வைகைப் பேரணைத் தண்ணீரும், பின்னால் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் வந்துதான் அந்த நிலை தணிந்தது. ஓ'கானரின் குழாயைப் போலவே, தொலைவிலுள்ள ஆற்றை இரும்புக் குழாய் வழியே கொண்டுவந்துதான் இந்த ஊரும் பிழைக்கிறது.

நெல்லுக்கு நீரில்லாத மண்ணில் மக்கள் என்ன செய்வார்கள்? கிணறு வெட்டிப் புகையிலை போட்டார்கள். ஆடு மாடு வளர்த்துத் தோல் பதனிட்டார்கள். இரும்பைத் தட்டிப் பூட்டுச் செய்தார்கள். திண்டுக்கல்லின் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன மூன்று தொழிலும் வறட்சி பெற்ற பிள்ளைகள்.

புகையிலையை முதலில் எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் கடைகளில் 'திரிச்சினாப்பள்ளி' என்ற பெயரில் விற்ற கறுப்புச் சுருட்டுக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, 1887-இல், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பல் அந்தச் சுருட்டினுடையது என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். பெயர் திருச்சியுடையது, இலையில் பெரும்பகுதி திண்டுக்கல் சீமையின் செம்மண்ணில் விளைந்தது. திண்டுக்கல்லிலேயே ஆங்கிலேயர் சுருட்டு ஆலை தொடங்கினார்கள்; ஸ்பென்சர் நிறுவனம் இங்கே பெரிய ஆலையை நடத்தியது. இலையைப் பதம் பார்த்து நரம்பு நீக்குவதும் சுருட்டுவதும் கைவேலை. தலைமுறை தலைமுறையாகச் சுருட்டுக் கம்பெனியில் வேலை செய்த குடும்பங்கள் இங்கே உண்டு. விடுதலைக்குப் பிறகும் புகையிலைக்கு இருந்த இடத்துக்குச் சான்றாக, 1948-இல் வேடசந்தூரில் மைய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் வந்தது.

இலை கப்பலேற வழி தந்தது ரயில். 1875-இல் திருச்சி–மதுரை இருப்புப்பாதை திண்டுக்கல் வழியாக ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடியைத் தொட்டது. உடனே தாது வருடப் பஞ்சம் வந்தது. அந்தத் தண்டவாளத்தில் புகையிலையும் தோலும் போனதோடு, பஞ்சம் பிழைக்கக் கிளம்பிய மனிதர்களும் போனார்கள். தூத்துக்குடியில் இறங்கி, கொழும்புக்குக் கப்பலேறி, காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும். கொடைக்கானலுக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் எதிர்த்திசையில் வந்து அம்மையநாயக்கனூரில் இறங்கினார்கள். அந்த நிலையத்தின் பெயர் இன்றும் 'கொடைக்கானல் ரோடு' தான். 1928-இல் பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கும் பாதை வந்த பிறகு, கணவாய்ச் சந்திப்பு ரயில் சந்திப்பாகவும் ஆனது.

தோலின் கதை வலி நிறைந்தது. அதைச் சற்று நின்று சொல்ல வேண்டும்.

பேகம்பூரைச் சுற்றிலும் தோல் ஷாப்புகள் வளர்ந்தன. வெள்ளாட்டுத் தோல், மாட்டுத் தோல். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரும் கொழுப்பும் கழித்து, ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு, மூட்டை கட்டிச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்பினால் அங்கிருந்து லண்டன். முதலாளிகளில் பலர் முஸ்லிம் வணிகர்கள். குழியில் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். சுண்ணாம்பு தின்ற கால்களோடு அவர்கள் வேலை செய்தார்கள். சாதியும் கடனும் அவர்களை அந்தக் குழிக்கே கட்டிப்போட்டிருந்தன. 1940-களில் கம்யூனிஸ்டுகள் அங்கே சங்கம் கட்டினார்கள். அந்த வாழ்க்கையையும் போராட்டத்தையும் திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த டி. செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக எழுதினார். 2012-இல் அதற்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இந்த ஊரை அறிய விரும்புபவர் கோட்டைக்கு ஏறும் முன் அந்த நாவலைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இங்கே ஆஸ்திரேலியா மறுபடி கதைக்குள் வருகிறது. தோல் பதனிட ஆவாரைக்கு மாற்றாகப் பட்டை தரும் மரமாக வாட்டில் எனப்படும் சீகையைக் கொண்டுவந்து பழனி மலையில் நட்டார்கள். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரம் அது. அதோடு அதே கண்டத்துத் தைலமரம், விறகுக்கும் ரேயான் கூழுக்கும். மேல்மலையின் புல்வெளிகளைப் பயனற்ற தரிசு என்று அன்றைய வனத்துறை எண்ணியது. உண்மையில் அந்தப் புல்வெளியும் சோலைக்காடும்தான் மழையைப் பிடித்துவைத்துக் கோடையிலும் ஓடையாகக் கசியவிட்டவை. இன்று கொடைக்கானலின் புல்வெளிகளில் பெரும்பகுதி அந்த மரங்களுக்குள் மறைந்துவிட்டது. அவற்றை எப்படி அகற்றுவது, அகற்றினால் புல் திரும்புமா என்று வனத்துறையும் ஆய்வாளர்களும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். சமவெளியின் தோல் தொழிலுக்காக மலையின் ஊற்றுக்கண்ணில் கை வைத்திருக்கிறோம்.

சமவெளியிலும் அதேதான். பட்டைப் பதனிடுதலோடு குரோமியப் பதனிடுதலும் வந்த பிறகு கழிவுநீரில் உப்பும் குரோமியமும் சேர்ந்தன. கிணறுகள் உவர்ந்தன. ஊருக்கு அருகிலுள்ள கிராமங்களில் தென்னையும் காய்கறியும் வீழ்ந்தன. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு வடாற்காடு, ஈரோடு, திருச்சி, செங்கற்பட்டு மாவட்டங்களோடு திண்டுக்கல்லையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், ஐயமுள்ள இடத்தில் முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற நெறிகளை இந்தியச் சட்டத்தின் பகுதியாக நிலைநிறுத்திய தீர்ப்பு அது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். உவர்ந்த கிணறுகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பூட்டைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன். அது பலர் எழுதிய கதை. மாங்காய்ப் பூட்டு முதல் கோவில் கதவுக்கான கனத்த பூட்டு வரை எல்லாம் கையால் அராவிச் செய்தவை. ஒன்றின் சாவி மற்றொன்றில் திரும்பாது என்பதே அதன் பெருமை. 1957-இல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகாரின் இயந்திரப் பூட்டு விலையோடு போட்டியிட முடியாமல் பட்டறைகள் பல அதற்கு முன்பே மூடிவிட்டன. குறியீடு கிடைத்தபோது, காப்பாற்ற வேண்டிய கைகளில் பல ஏற்கெனவே வேறு வேலைக்குப் போயிருந்தன.

துறைமுக ஊர்களில் பல கரைகளின் ருசியும் பேச்சும் கலப்பதைப் பார்த்திருக்கிறோம். இங்கேயும் கலந்தன. சின்னாளபட்டி நெசவும் சுங்குடியும், பேகம்பூரின் கறிக்குழம்பும், நாயக்கர் காலத்தில் குடியேறிய தெலுங்கு, கன்னடக் குடும்பங்களின் வீட்டுப் பேச்சும் ஒரே சந்தையில் புழங்குகின்றன. 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய சிறிய கடையிலிருந்து சீரகச் சம்பா பிரியாணி உலகெங்கும் போனது. அவர் கட்டிய தலைப்பாகை அந்த பிரியாணிக்குப் பெயரானது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து இரவெல்லாம் கேரளத்துக்குக் காய்கறி லாரிகள் போகின்றன. பழைய மிளகுப் பாதையில் எதிர்த்திசைப் பயணம். 1947-இல் சின்னாளபட்டி அருகே டாக்டர் டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்ததும் இந்த வறண்ட சமவெளியைத்தான்.

வத்தலக்குண்டு ஒன்றே தனி இதழுக்குக் காணும். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி. ஆர். ராஜமையர் பிறந்த ஊர். 'எழுத்து' இதழை 1959-இல் தொடங்கிய சி. சு. செல்லப்பா வளர்ந்த ஊர். 1884-இல் சுப்பிரமணிய சிவா பிறந்ததும் அங்கேதான். கடலைப் பாராத அந்த ஊர்ப்பிள்ளை தூத்துக்குடிக்குப் போய், வ. உ. சிதம்பரனாரோடு நின்று, 1908-இல் சிறை புகுந்தார். வெளியே வந்தபோது உடலில் தொழுநோய்.

என் முடிவு இது. இந்தச் சமவெளி தன்னிடம் இல்லாத நீரைச் செலவழித்து, தொலைவிலுள்ள துறைமுகங்களுக்குச் சரக்கு அனுப்பியது. கப்பலேறிய சுருட்டுக்கும் தோலுக்கும் விலை கிடைத்தது. கிணற்றுக்கும் மலைப்புல்லுக்கும் கிடைக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் 1970-களிலிருந்து மழை குறைந்துகொண்டே வர, பெர்த்தும் ஃப்ரீமேன்டிலும் 2006 முதல் கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கின்றன. திண்டுக்கல்லுக்கு அந்த வழியும் கிடையாது. இதற்கு இருப்பது மலையும் குளமும்தான். மலையில் புல்வெளியை மீட்பதும், கொடகனாற்றின் குளங்களைத் தூர்வாருவதும், கெட்ட நிலத்தடி நீருக்கு ஈடு செய்வதும் இந்த ஊருக்கு மாவட்டத் தலைநகரம், மாநகராட்சி என்ற பட்டங்களைவிட அவசியமானவை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். திண்டுக்கல், வேடசந்தூர், பேகம்பூர்ப் பக்கம் உங்கள் வீட்டில் பழைய சுருட்டுப் பெட்டியின் ஒட்டுத்தாள், தோல் ஷாப்பின் கூலிப்புத்தகம், பூட்டுப் பட்டறையின் கணக்கேடு எதுவும் இருந்தால் பழைய தாள் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள நூலகத்திலோ கல்லூரியின் வரலாற்றுத் துறையிலோ ஒரு படியாவது எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கோட்டைக்குக் கல்வெட்டு இருக்கிறது. உழைத்தவர்களின் கதைக்கு அந்தத் தாள்கள்தான் சான்று.

அடுத்த இதழில், தூத்துக்குடி.